மேல்மாடியில் விளங்காத பயான்

நான் சத்தத்தை அளக்கிறவள். பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்த வேலை அதுதான்: ஓர் அறைக்குள் பேச்சு எப்படிப் பரவுகிறது, எந்தச் சுவர் அதை விழுங்குகிறது, எந்தச் சுவர் திருப்பி எறிகிறது என்று பார்ப்பது. கல்முனைப் பக்கம் எங்கள் ஊரில் இதைச் சொன்னால், "ஸ்பீக்கர் திருத்துற வேலையா?" என்று கேட்பார்கள். முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பிறகு ஓம் என்று சொல்லிவிட்டு என் பாட்டில் இருந்தேன்.

ஒரு நோன்பு மாதம் லீவில் வந்திருந்தபோது அந்த வேலை எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. ஊரில் புதுப் பள்ளிவாசல் எழும்பியிருந்தது. தரையிலும் சுவரிலும் பளபளக்கும் டைல்ஸ், குப்பா என்கிற உயர்ந்த குவிமாடம், பெண்களுக்கென்று தனி மேல்மாடி. மாடியின் முன்பக்கம் பூவேலை செய்த சீமெந்துத் தடுப்பு. கீழே நடப்பது அதன் வழியே தெரியாது, சத்தம் மட்டும் வரும். நோன்பு நாட்களில் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மௌலவி பயான் என்கிற மார்க்கப் பேச்சுப் பேசுவார். உம்மா வருடம் முழுக்கத் தறியிலும் அடுப்படியிலும் நிற்கிறவர். அந்த ஒரு மணித்தியாலத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அந்த முறை நாலாவது நோன்பிலேயே பாதியில் எழும்பி வந்துவிட்டார்.

"சத்தம் வருது மகள். கதைதான் ஒண்டும் விளங்குதில்ல," என்றார்.

எங்கள் துறையில் பக்கம் பக்கமாக எழுதுகிறதை உம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் நானும் போனேன். குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்பதுபோல் இருந்தது. சுற்றியிருந்த பெண்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மௌலவி எதைப் பற்றிச் சொல்கிறார் என்று பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டேன். "நல்லதத்தான் சொல்லுவார்," என்றார். எனக்குக் கோபம் வந்தது.

பள்ளித் தலைவரிடம் போனேன். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் யார் என்ன கேட்க வந்தாலும் பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பவர்.

"பொம்புளயளுக்கு ஊட்டுக்குள்ள தொழுறதுதானே மகள் சிறப்பு," என்றார்.

"மேல்மாடி கட்டக்குள்ள அவங்கட காப்பக் கழட்டி வாங்கின நேரம் இதச் சொல்லல்லையே," என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் அடுத்த நாளே மாடியில் இன்னும் இரண்டு ஸ்பீக்கர்கள் பூட்டினார்கள். இவ்வளவு நாளும் மெதுவாக விளங்காமல் இருந்தது, இப்போது உரக்க விளங்காமல் இருந்தது.

ஒரு நாள் பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன், பள்ளி வெறுமையாக இருந்த நேரம், மோதினாரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். பாங்கு சொல்லுகிற அவருக்கும் அந்த மண்டபத்தோடு மனக்கசப்பு. யார் முறையிட்டாலும் ஏச்சு வாங்குகிறவர் அவர்தான். இரண்டு பலகைத் துண்டுகளை ஒன்றோடொன்று அறைந்தேன். நான் கொண்டுபோன ஒலிக்கருவி தன் பாட்டில் பதிந்தது. உண்மையில் கருவியே தேவையில்லை. நான் பிஸ்மியை முழுதாகச் சொல்லி முடித்த பிறகும் அந்தச் சத்தம் குப்பாவுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சொல் அடங்கும் முன் அடுத்த சொல் அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் யாருக்கு விளங்கும்? சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்துதான் கூடும். புது ஸ்பீக்கர்களைக் கழற்றுங்கள், பின்சுவரில் கனமான துணி தொங்கவிடுங்கள், மைக்கை வாய்க்குக் கிட்ட வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். துணி தொங்கினால் பள்ளியின் வடிவு கெட்டுப்போகும் என்று நிருவாகம் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பிழை நடந்தது. லுஹரில் இமாம் சத்தமில்லாமல்தான் ஓதுவார். குனிவதும் நிமிர்வதும் அவர் உரக்கச் சொல்லும் "அல்லாஹு அக்பர்" என்ற தக்பீரைக் கேட்டுத்தான். அன்று புழுக்கம் தாங்காமல் யாரோ மாடியின் தெருப்பக்க ஜன்னல்களைத் திறந்துவிட்டிருந்தார்கள். அடுத்த தெருப் பள்ளியில் எங்களுக்கு முன்பே தொழுகை தொடங்கியிருந்தது. அங்கிருந்து வந்த தக்பீர் எங்கள் சொந்த இமாமின் தக்பீரைவிடத் தெளிவாக இருந்தது. ஜன்னலோர வரிசை முழுவதும், உம்மா உட்பட, அடுத்த தெரு இமாமைப் பின்பற்றிக் குனிந்து நிமிர்ந்து, எங்கள் இமாம் நாலில் மூன்றாவது ரக்அத்துக்கு எழும்பும்போதே ஸலாம் கொடுத்து முடித்துவிட்டது. நடு வரிசையில் பாதிப்பேர் குனிந்தபடி, பாதிப்பேர் நின்றபடி. இளம் பிள்ளைகள் சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து திரும்பத் தொழுதார். தொழுதுவிட்டு முஸல்லாப் பாயிலேயே இருந்து அழுதார்.

கதை ஊர் முழுக்கப் பரவியது. இரண்டு நாள் கழித்து மோதினார் எங்கள் படலையடியில் வந்து நின்றார்.

"நாளைக்குப் பயான் முடிய தலைவர் அறிவிக்கப் போறார். மேல்மாடிய மூடப் போறாங்க. இனிப் பொண்டுகள் ஊட்டதான் தொழணுமாம்," என்றார்.

உம்மா என் பக்கம் திரும்பினார்.

"துணி தொங்கினா உண்மையா விளங்குமா, இல்லாட்டி படிச்ச ஆக்கள்ற கதையா?"

"விளங்கும் உம்மா."

"எவ்வளவு துணி வேணும்?"

வீட்டுக்கு வீடு தறி இருக்கிற எங்கள் ஊரில் துணிக்கா பஞ்சம்? மறுநாள் காலை பெண்கள் கைத்தறிப் பெட்ஷீட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார்கள். மோதினார் கதவைத் திறந்துவிட்டு, தான் எதையும் காணவில்லை என்று சொல்லி கை கால் கழுவும் ஹவ்ளுத் தொட்டிப் பக்கம் போய்விட்டார். பின்பக்கத் தூண்களுக்கிடையே கயிறு கட்டினோம். சுவரோடு ஒட்டாமல், ஒரு சாண் இடம் விட்டு, மடிப்பு மடிப்பாகத் தொங்க வேண்டும் என்று நான் கத்திக்கொண்டே நின்றேன். நோன்போடு ஏணியில் ஏறி இறங்கியதில் எல்லோருக்கும் நா வறண்டுவிட்டது. புது ஸ்பீக்கர்களின் வயரை நானே கழற்றினேன். மைக்கைத் தாழ்த்தி முன்னால் இழுத்து வைத்தேன். பள்ளி புடவைக்கடை போல் ஆகிவிட்டது. எனக்கு அதில் ஒரு கவலையும் இருக்கவில்லை.

தலைவர் வந்து சேர்ந்தபோது இகாமத் சொல்லியாகிவிட்டது. தொழுகை தொடங்கும் நேரத்தில் அவரால் என்ன செய்ய முடியும்? அன்று மாடியில் ஒருவரும் பிழைவிடவில்லை. பிறகு பயான். மௌலவி அண்டை வீட்டாரின் உரிமைகளைப் பற்றிப் பேசினார். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்து வீட்டு மாமி என் கையைப் பிடித்து, "இவருக்கு நாக்குக் கொஞ்சம் தடக்குது என்ன?" என்றார். இத்தனை நாள் அதுகூடத் தெரிந்திருக்கவில்லை. கீழே ஆண்களுக்கும் அன்றுதான் முழுதாக விளங்கியதாம். முன்பு விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு இருந்திருக்கிறார்கள்.

பயான் முடிந்ததும் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"மேல இரிக்கிற தாய்மாருக்கு ஒரு அறிவித்தல். மேல்மாடியில ஒண்டும் விளங்குதில்ல எண்டு நீங்களே முறைப்பாடு செஞ்சிரிக்கீங்க. தொழுகையும் பிழைச்சுப் போச்சு. அதால நிருவாகம் ஒரு முடிவு எடுத்திரிக்கி..."

உம்மா எழும்பித் தடுப்புக்குக் கிட்டப் போய் நின்றார். அந்தப் பள்ளிக்குள் ஒரு பெண் எல்லோருக்கும் கேட்கப் பேசி நான் அதுவரை கண்டதில்லை. உம்மா குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தேவையும் இருக்கவில்லை.

"தலைவர், இஞ்ச ஒவ்வொரு சொல்லும் நல்லா விளங்குது. மிச்சத்தையும் சொல்லுங்க."

அறிவித்தல் கடதாசியை அவர் மடிக்கிற சரசரப்புக் கேட்டது. அவர் மூச்சு விட்டது கேட்டது. பிறகு மைக்கை வைத்தார், அதுவும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.