கரும்பலகையில் ஏறிய என் நடுக்கம்

விஜயபுரம் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் தமிழ்ப் பிரிவு வாத்தியார். ஆந்திர ராஜ்யம் பிறந்தாகிவிட்டது. எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம் என்பதுதான் பாக்கி. டீக்கடைக்கு டீக்கடை ஆளாளுக்கு ஓர் எல்லைக்கோடு போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள். தமிழ்ப் பிரிவை மூடிவிடப் போகிறார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். மூடினால் பங்காருபாளையத்துக்குத் தூக்கிப் போடுவார்கள், அங்கே தமிழ் படிக்கப் பிள்ளைகள் கிடையாது, தோப்பு மாமரங்களுக்குத்தான் இலக்கணம் நடத்த வேண்டும் என்பது வரைக்கும் போயிருந்தேன்.

இந்த லட்சணத்தில் பிள்ளைகளுக்குப் பயம் தெளிவிக்கும் பாடம் வேறு.

அது ஏழாம் வகுப்புப் பெண்ணொருத்தியால் வந்தது. வேர்க்கடலை பயிரிடுகிறவர் மகள். பரீட்சை என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

“கேள்வித்தாள் வந்து வயித்துல குத்துதா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். பெயிலானா நைனா படிப்ப நிறுத்திடுவாரு.”

“சொன்னாரா?”

யோசித்தாள். “சொல்லல. நானா நெனச்சிக்கினேன்.”

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கரும்பலகையை மூன்றாகப் பிரிப்பேன். நடந்தது, நினைத்தது, பட்ட பாடு. நடந்ததிலிருந்து நேரே பட்ட பாட்டுக்கு ஓடாதீர்கள். நடுவில் ஒரு நினைப்பு சும்மா உட்கார்ந்திருக்கிறது, அதை எழுப்பி நிறுத்திச் சாட்சி கேளுங்கள் என்பேன். கேட்டால் எனக்கே நம்பத் தோன்றும், அவ்வளவு நன்றாகச் சொல்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, தோல்பை, நீள நோட்டு. தலைமையாசிரியர் சித்தூர் போயிருந்தார். வந்தவர் என்னிடம் வராமல், தண்ணீர் குடிக்க வந்த பிள்ளைகளை நிறுத்தி ஏதோ கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே பார்த்ததும் முடிவு கட்டிவிட்டேன்: மொழிக் கணக்கு எடுக்கிறான்!

கதவைச் சாத்தினேன். “யார் எதைக் கேட்டாலும் நாங்க தமிழருன்னு சொல்லணும். வேற பேச்சே கூடாது.” மூன்று தடவை சொல்ல வைத்தேன்.

கதவு தட்டப்பட்டது. உள்ளே வந்தவர் பிள்ளைகளிடம், எந்த பாஷையில் படிக்கிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். நாற்பது வாயும் ஒன்றாகத் திறந்தன.

“மேமு அரவோள்ளம் சார்!”

நாங்கள் தமிழர்கள் என்பதைச் சுத்தமான தெலுங்கில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. கேட்ட பாஷையில் பதில் சொல்வது எங்கள் பக்கத்து மரியாதை. அவர் நோட்டில் ஏதோ எழுதினார். என் வேட்டிக்குள் இரண்டு கால்களும் தனித்தனியாக ஆடின.

வேர்க்கடலைக்காரர் மகள் எழுந்தாள். “சார், உங்களுக்கு வேர்க்குது. மூணு கட்டம் போடட்டா?”

“உட்காரு.”

அதற்குள் பலகைக்குப் போய் எழுத ஆரம்பித்துவிட்டாள். “நடந்தது, ஒருத்தர் நோட்டோட வந்தாரு. நெனச்சது இன்னா?”

“தமிழ் கிளாஸ மூடிடுவாங்க!” என்றது வகுப்பு. நான் மாசக்கணக்கில் மனசுக்குள் வைத்திருந்ததாக நினைத்தது, வாய்விட்டு வெளியே வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

“பட்ட பாடு?”

“நடுக்கம்!”

“சாட்சி?”

எண்பது கண்களும் என்னைப் பார்த்தன. என்னிடம் சாட்சி இல்லை. வந்தவரோ பலகையில் இருந்த தமிழை எழுத்துக்கூட்டாமல் படித்தார். எனக்கு உடனே அடுத்த சந்தேகம். தமிழ் தெரிந்தவன் எதற்குத் தெலுங்கில் கேட்கிறான்? அதையே கேட்டும் விட்டேன்.

“முந்தின ஊர்ல தமிழ்லதான் சார் கேட்டேன். எல்லைக்கோடு போட வந்தவன்னு தொரத்திக்கினு வந்தாங்க. அதான் இங்க தெலுங்கு. சைக்கிளக்கூட ரோட்டப் பாத்து நிறுத்தியிருக்கேன்.”

“அப்போ நோட்டு?”

“வர்ற வருஷத்துக்குத் தமிழ்ப் புத்தகம் எத்தினி வேணும்னு எழுதிக்கினு போக வந்தேன்.”

“மூடலையா?”

“மூடறவங்க புத்தகம் எதுக்கு சார் அனுப்பறாங்க?”

விடுவேனா? “அதுக்கு அடுத்த வருஷம்?”

அவர் நோட்டை மூடினார். “அது எனக்குத் தெரியாது சார்.”

அந்தப் பெண் நடுக்கட்டத்தில் ‘மூடிடுவாங்க’ என்பதைக் கையால் அழித்து ‘தெரியாது’ என்று எழுதினாள். பிறகு மூன்றாவது கட்டத்தைக் காட்டி, “இப்ப எப்படி இருக்குது சார்?” என்றாள். கால் ஆட்டம் நிற்கவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து ஆடின. நாற்காலி வரைக்கும் நடக்க அது போதும். நாற்பது புத்தகம் என்று சொல்லி அனுப்பினேன்.

கோடை விடுமுறை முடிந்து புத்தகக் கட்டு வந்தது. பரீட்சையில் தேறி எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள் முதல் ஆளாகக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. மேலட்டை தமிழ், உள்ளே வேறு ஏதாவது வைத்து அனுப்பியிருந்தால்? ஒவ்வொரு புத்தகமாக எடுத்து முதல், நடு, கடைசிப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“சார்,” என்றாள், நீட்டிய கையை மடக்காமல். “நீங்க எட்டாங்கிளாஸு பாஸ் பண்ணப்புறந்தான் எங்களுக்கா?”