ராஜமதிக்குக் கிடைத்த அனுமதி

கார்த்திகை மாதம், புதன்கிழமை, காலை பதினொன்று பத்து. முதலில் நான் பார்த்தது டாக்டரம்மாவின் கால்களை. அறுவை அறைக்குள் மட்டும் போடும் ரப்பர் செருப்போடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். பச்சை உடுப்பு, தலையில் தொப்பி, காதில் கைபேசி. உள்ளே இருக்க வேண்டியவர் வெளியே நிற்கிறார் என்பது உறைக்க எனக்குச் சற்று நேரமானது.

"ரிஜெக்ட் பண்ணிட்டாங்க சார்."

என் மனைவி ராஜமதிக்குப் பித்தப்பையில் கல். பை சீழ் பிடித்து வீங்கியிருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. செஞ்சியிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அன்றே பையை எடுக்காவிட்டால் உள்ளேயே வெடித்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்களிடம் இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் கம்பெனி முன்கூட்டியே அனுமதி தந்தால்தான் மருத்துவமனை நிர்வாகம் அறுவை அறையைத் திறக்கும். கையிலிருந்த பணமெல்லாம் விதை மல்லாட்டையாக, நிலக்கடலையாக, நிலத்துக்குள் போயிருந்தது.

"பழைய வியாதியாம். பாலிசி எடுக்கறப்ப மறைச்சிட்டீங்களாம்" என்றார் டாக்டரம்மா. "உண்மையா சார்?"

"இல்லீங்க. போன வாரம் வரிக்கும் வயல்ல நின்னவ."

"பல வருஷமா அறிகுறி இருக்குன்னு அடிச்சுச் சொல்றாங்க. என்கிட்டயாவது பொய் சொல்லாதீங்க."

பொய்யாமை சமணர்களாகிய நாம் ஏற்ற விரதங்களில் ஒன்று. அதைச் சொன்னால் அதுவும் ஒரு சாக்காகக் கேட்கும்.

மயக்க மருந்து டாக்டர் திண்டிவனத்திலிருந்து வருபவர். அன்று மாலை கிளம்பிவிட்டால் மறுபடி வெள்ளிக்கிழமைதான். டாக்டரம்மா ஒரு நோயாளியைப் பார்ப்பார், ஒரு முறை கம்பெனிக்குப் போன் போடுவார். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுத்தார். ஒவ்வொரு ஆளுக்கும் முதலிலிருந்து சொன்னார். வெளியே வரிசை நீண்டது. அனந்தபுரத்திலிருந்து வந்திருந்த ஒருவர், "டாக்டரம்மா போன்லயே குடும்பம் நடத்துது. நம்மள எப்பத்தான் பாக்குமோ" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பிற்பகலில் ராஜமதியின் வயிறு பலகைபோல் இறுகியது.

சமண இல்லறத்தாரான சிராவகர்கள் உங்களுக்குத் தெரியும், நம் அருகர் வரம் தருபவர் அல்லர், வழி காட்டியவர். அதனால் எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை. அன்று மாடிப்படிக்கு அடியில், வாளியும் துடைப்பமும் வைக்கும் இடத்தில் நின்று பஞ்ச நமஸ்காரம் சொன்னேன். பாதியில் தடுமாறியது. மறுபடி ஆரம்பித்தேன். பிறகு நம் காவல் தெய்வமான தர்மதேவியை அழைத்தேன். அம்மா, நாங்கள் பொய் சொல்லவில்லை என்பது அந்த டாக்டருக்குத் தெரியட்டும். இவ்வளவுதான் கேட்டேன். உயிரைக் கேட்கப் பயமாக இருந்தது.

வார்டுக்குத் திரும்பியபோது வெயில் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ராஜமதி கண்ணைத் திறந்தாள்.

"இன்னாங்க, பொழுது போவுது. சாப்டீங்களா?"

"பசிக்கல."

"நான்தான் பட்டினி. நீங்களும் மயங்கி வுழுந்தா ரெண்டு கட்டிலுக்கு எங்க போறது? சாப்டுங்க."

அவளுக்காகப் பொட்டலத்தைப் பிரித்தேன். நான்கு இட்லி. வேகமாக விழுங்கிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா நாடி பார்க்க வந்தார்.

"என்ன சார், இப்பவே ராத்திரி சாப்பாடா?"

"பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோங்க. நாங்க நைனாருங்க. ஜெயினு."

அவர் கை ராஜமதியின் மணிக்கட்டிலேயே நின்றது. "இவங்களும்?"

"நான் பொறந்ததுலருந்தே ராத்திரில சாப்டதில்ல டாக்டரம்மா" என்றாள் ராஜமதி. "சேந்த அன்னிக்கி அந்தச் சின்ன டாக்டரு, ராத்திரி சாப்பாடு எப்படின்னு கேட்டாரு. சாப்புடறதே இல்ல, பல வருசமா இப்படித்தான்னு சொன்னேன்."

"அவர் பல வருஷமா சாப்பாடு இறங்கலன்னு எழுதி அனுப்பியிருக்கார்மா. அதத்தான் அவங்க வியாதின்றாங்க." டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "காலையில உங்கள அப்படிக் கேட்டிருக்கக் கூடாது சார்."

கட்டிலருகிலேயே நின்று, எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போன் போட்டார். இந்த முறை எடுத்தவர் கம்பெனியின் டாக்டர்.

"ஜெயினா? பேரு, ஊரு எல்லாம் தமிழா இருக்கே மேடம். சேட்டு மாதிரி தெரியலையே."

"எல்லா ஜெயினும் சேட்டு இல்ல சார். இவங்க காலங்காலமா இந்த ஊர்க்காரங்க. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். இவங்க பித்தப்பை உள்ள வெடிச்சா யார் நிறுத்தி வச்சாங்கன்னு கேஸ் ஷீட்ல எழுதணும். உங்க பேர் சொல்லுங்க."

"விளக்கம் எழுதி அனுப்புங்க. பாக்கறேன்."

விளக்கு ஏற்றிய பிறகு அனுமதி வந்தது. மயக்க மருந்து டாக்டர் காரில் ஏறியிருந்தார். டாக்டரம்மா அந்த ரப்பர் செருப்போடே வாசலுக்கு ஓடி, கார்க் கண்ணாடியைத் தட்டி அவரை இறக்கினார்.

பை ஏற்கெனவே ஓரிடத்தில் கிழிந்திருந்தது. சிறு துளைகளில் முடிய வேண்டியது வயிற்றைத் திறந்து செய்யும்படி ஆனது. காலையிலேயே செய்திருந்தால் இது தேவைப்பட்டிருக்காது என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். ராஜமதி பிழைத்தாள். இப்போதும் குடம் தூக்க முடியாது. நடக்கிறாள், சிரிக்கிறாள், என்னை அதட்டுகிறாள்.

நான் கேட்டது ஒன்றுதான். அது கிடைத்தது, அதன் வழியாக, கேட்கப் பயந்ததும் கிடைத்தது. அன்றிலிருந்து வெள்ளிதோறும் இருவரும் தர்மதேவி சன்னிதியில் விளக்கு வைக்கிறோம். மருத்துவமனையில் யாராவது உங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், வழக்கத்தோடு அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நெருக்கடி வரும்போது கேட்கத் தயங்காதீர்கள். முழுதாகக் கேட்கத் துணிவு இல்லையென்றால், துணிவு உள்ள அளவுக்குக் கேளுங்கள். அம்மா செவி சாய்ப்பாள்.

சென்ற மாதம் தழும்பைக் காட்டப் போயிருந்தோம். அந்தப் போன்களோடு இனி மல்லுக்கட்ட முடியாதென்று டாக்டரம்மா இன்சூரன்ஸ் நோயாளிகளை எடுப்பதை நிறுத்திவிட்டார்.