இஸ்திரி மாமா விருந்தாளியான இரண்டு நாள்

"இருபது வருஷமா ஹோட்டல்ல வேலை பார்க்கிற மனுஷனுக்கு ஹோட்டல்ல தங்கத் தெரியலைன்னா நம்புவியா?" என்று அத்தை என்னிடம் கேட்டாள். பள்ளிக்கூடம் முடித்து, அடுத்து என்ன என்று யார் கேட்டாலும் முழித்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு அத்தையிடமும் மாமாவிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் சொன்னதில் முரண்படாத பகுதிகளை மட்டும் எடுத்து எழுதுகிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. தீவின் தெற்குக் கரையில் இருக்கும் மூன்று மாடி ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிப்பவர். அந்த ஹோட்டல் பெரிய இடமும் இல்லை, மட்டமும் இல்லை. நீச்சல் குளம் உண்டு, நான்கு பேர் நிற்கலாம், நீந்த முடியாது. கடற்கரை ஐந்து நிமிடம் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கும். பறந்து போகிற காகத்துக்கு அது உண்மை. 'கடல் தெரியும் அறை' என்றால், பால்கனியின் வலது ஓரத்துக்குப் போய்க் கழுத்தைத் திருப்பினால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு துண்டு அகலத்துக்குக் கடல் தெரியும் என்று அர்த்தம்.

மாமா விரித்த பெட்ஷீட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. மூலைகளை அவர் மடித்துச் செருகினால், அதைக் கலைத்துப் படுக்க விருந்தாளிகளே யோசிப்பார்கள். அதனால், கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் இஸ்திரி. நாளடைவில் மேனேஜரும் அப்படியே கூப்பிட, சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் யாருடையது என்று கேட்கும் நிலைமை வந்துவிட்டது.

அந்த வருடம் மேனேஜருக்குத் திடீரென்று ஊழியர்கள் மேல் பாசம் பொங்கியது. சிறந்த ஊழியர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மனைவியோடு இரண்டு நாள் அதே ஹோட்டலில் விருந்தாளியாகத் தங்கவைப்பது என்று அறிவித்தார். மழை சீசன் முடியாத மாதம், எப்படியும் பாதி அறைகள் சும்மா கிடக்கும். யானையைக் கட்டித் தீனி போடாமலே யானை வளர்த்த பெயர் கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? எல்லோரும் கைதட்டினார்கள். பரிசு மாமாவுக்கு.

மாமா வீட்டுக்கு வந்து சொன்னபோது, அத்தை தையல் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டாவது முறை சொல்லச் சொன்னாள். பள்ளிச் சீருடை தைப்பவள் அவள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடங்களாக, தினமும் ராத்திரி சாப்பாட்டோடு அந்த ஹோட்டல் அறைகளின் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஆசை ஒன்று அவளுக்கு உண்டு. கடலும் இல்லை, நீச்சல் குளமும் இல்லை. காலையில் எழுந்து, படுக்கையை அப்படியே போட்டுவிட்டு வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது வேறு யாரோ அதை விரித்து வைத்திருக்க வேண்டும்.

"ஒரு தடவை போதும். யாரோ ஒருத்தர் எனக்காகப் படுக்கை போட்டு வச்சதைப் பார்த்துட்டா, அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் நானே போட்டுக்கிறேன்" என்றாள்.

மாமா பெரிய மனசோடு சம்மதித்தார். அது என்ன பிரமாதம் என்று நினைத்தார்.

பிள்ளைகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் போனார்கள். மாமாவின் கால்கள் பழக்கதோஷத்தில் பின்வாசலுக்குப் போயின. அத்தைதான் சட்டையைப் பிடித்து முன்வாசலுக்குத் திருப்பினாள். பெட்டியைத் தூக்க வந்தவரிடம் மாமா பெட்டியைக் கொடுக்கவில்லை, அவருக்கு முதுகுவலி என்பது மாமாவுக்குத் தெரியும். 212-ஆம் எண் அறைவாசலில் ரேடியோ காத்திருந்தார். ரேடியோ என்பவர் மாமாவோடு இரண்டாம் மாடியைப் பங்கு போட்டுக்கொள்ளும் சக ஊழியர். தூக்கத்தில் மட்டும்தான் வாயை மூடுவார் என்று பெயர், அதுவும் உறுதியில்லை.

"வாங்க சார், வாங்க மேடம். சுடுதண்ணி இருபத்துநாலு மணி நேரமும் வரும். குழாயைத் திறந்து வச்சுட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தீங்கன்னா வந்துடும்" என்றார் ரேடியோ.

"நாளைக்கு இந்த ரூம் யாரு, நீங்களாண்ணே?" என்று அத்தை கேட்டாள்.

"நான்தான் மேடம். இஸ்திரி அளவுக்கு வராது. ஆனா மனசார விரிப்பேன்."

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாமாவுக்கு இரண்டு கவலைகள் வந்தன. தான் மடித்த மூலையை ரேடியோ தொடுவதா என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மாமாவின் பங்கு அறைகளையும் சேர்த்து ரேடியோ அந்த இரண்டு நாளும் இருபத்திரண்டு அறைகள் பார்க்க வேண்டும். நாளை மறுநாள் அந்த மனிதன் முகத்தில் விழித்தாக வேண்டும்.

மறுநாள் காலை, அத்தை படுக்கையைத் திட்டம் போட்டுக் கலைத்தாள். தலையணையில் ஒன்றைக் கால்மாட்டில் எறிந்தாள். போர்வையைப் பாதி தரையில் தொங்கவிட்டாள். சற்று விலகி நின்று, கோலம் போட்டவள் பார்ப்பதுபோல் பார்த்துத் திருப்திப்பட்டு, மாமாவைக் கீழே சாப்பிட அழைத்துப் போனாள். அங்கே மாமா முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டு முடித்து, தன் தட்டோடு பக்கத்து மேசைத் தட்டுகளையும் அடுக்க ஆரம்பித்தார். அத்தை காலால் இடித்ததும் உட்கார்ந்தார். கடலுக்குக் கிளம்பி வாசல்வரை வந்தபோது, கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லி அவர் மட்டும் மேலே ஓடினார்.

கண்ணாடி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. மேலே அவர் ஏழு நிமிடத்தில் செய்தவை என்னென்ன என்றால், படுக்கையை விரித்தார், மூலைகளை மடித்துச் செருகினார், குளியலறையைத் துடைத்தார், குப்பைக்கூடையைக் காலி செய்தார், கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிக் காகித மூடி போட்டார். வெளியே கிடந்த அத்தையின் சேலையும் சீப்பும் கண்ணை உறுத்தின. எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி மூடினார். ரேடியோவுக்கு ஓர் அறை மிச்சம். அத்தை திரும்பி வந்து பார்த்து, ரேடியோதான் செய்தார் என்று நினைத்துக்கொள்வாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவர் கணக்குப் போட்டார். மாங்காய் இரண்டும் அவர் தலையிலேயே விழப்போவது அவருக்குத் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு ரேடியோ 212-ஐத் திறந்து எட்டிப் பார்த்தார். சுருக்கமில்லாத படுக்கை. காலிக் கூடை. மூடிய தம்ளர். ஒரு சீப்புகூட இல்லை. இருவருக்கும் இங்கே இருப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது, காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று முடிவு செய்தார். அந்த ஹோட்டலில் அறை காலியா இல்லையா என்பதைச் சுத்தம் செய்பவர் தாளில் எழுதுவதுதான் வேதவாக்கு. கம்ப்யூட்டரில் மாமாவின் தங்கல் ஏறவே இல்லை. இனாமாகத் தங்குபவர்களைப் பதிய அதில் இடமில்லையாம். ரேடியோ '212 காலி, தயார்' என்று எழுதிக் கீழே அனுப்பினார். நண்பகல் படகில் மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்து இறங்கியது.

இரண்டு மணிக்கு மாமாவும் அத்தையும் முழங்கால்வரை மணலோடு, உடம்பெல்லாம் நனைந்து திரும்பினார்கள். வழி முழுக்க அத்தை, படுக்கை எப்படி இருக்கும் என்றே பேசிக்கொண்டு வந்தாள். மாமா கள்ளச் சிரிப்போடு கேட்டுக்கொண்டு வந்தார். அறைக்கதவில் சாவி அட்டையை வைத்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் சிவப்பு. கதவு உள்ளிருந்து திறந்தது. பிஸ்கட்டும் கையுமாக ஒரு சிறுமி நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பையன்கள் அந்தப் படுக்கையின் மேல் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் அப்பா வந்து, யார் என்று கேட்டார்.

இருபது வருடப் பழக்கம் மாமாவின் வாயைத் திறந்தது.

"ரூம் சர்வீஸ் சார். ஏதாவது வேணுமா?"

"ரெண்டு டவல் கொண்டு வாங்க" என்றார் அவர்.

மாமா போனார். ஈர அரைக்கால்சட்டையோடு தாழ்வாரக் கோடிக்குப் போய், டவல் அலமாரியைத் திறந்து, வெள்ளை டவல் இரண்டை எடுத்து வந்து, இரண்டு கையாலும் நீட்டினார். அதன்பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டு, உள்ளே போய் அலமாரியிலிருந்து தன் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார். அந்த அப்பா, ஹோட்டல் ஊழியர்கள் விருந்தாளிகள் அறையில் பெட்டி வைத்துக் குடித்தனம் நடத்துகிறார்களா என்று மனைவியிடம் கேட்டது வெளியே நின்ற அத்தைக்கும் கேட்டது.

கதவு மூடியது. அத்தை தலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"அதுல ஒரு டவலையாவது எனக்குக் கொடுத்திருக்கலாம்" என்றாள்.

மாமா நடந்ததை ஒப்புக்கொண்டார். ஏழு நிமிட விஷயத்தையும் சொல்லிவிட்டார். அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று மாமா இன்றும் சொல்கிறார்.

"நான் வீட்டுக்குப் போறேன். என் படுக்கையை நானே மடிச்சுக்கிறேன். இதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்?"

மாமா அதுவரை யாரிடமும் எதையும் புகாராகச் சொன்னதில்லை. சம்பளம் தாமதமானால்கூட நன்றி சொல்லி வாங்குபவர். அன்று அவர் அத்தையின் கையைப் பிடித்து, "வா, கேட்டுப் பார்க்கலாம்" என்று ரிசப்ஷனுக்கு நடந்தார்.

ரிசப்ஷனில் இருந்த பெண் பதறிப்போனாள். பாவம், நல்ல பெண். முன்கூடத்தில் ஏழெட்டு விருந்தாளிகள் சோபாவில் உட்கார்ந்திருந்ததால் குரலைத் தாழ்த்தி, வேறு அறை தருகிறேன், 104 காலியாக இருக்கிறது என்றாள்.

மாமாவுக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. புதிதாக வந்தவள், தெரியாமல் சொல்கிறாள் என்று நினைத்தார். "104 வேண்டாம்மா. அதுல குளிச்ச தண்ணி வெளியே போகாது. கட்டில்கிட்ட வரும்" என்றார், எப்போதும் பேசும் கணீர்க் குரலில்.

"அப்போ 110, அண்ணே?"

"ஏசி போட்டா சத்தம், போடலைன்னா ஒழுகல். அங்க இருக்கிற வாளி அழகுக்கு வச்சதில்லை."

சோபாவில் ஒரு செய்தித்தாள் கீழே இறங்கியது. அத்தை அதைப் பார்த்தாள். ரிசப்ஷன் பெண்ணின் முகத்தையும் பார்த்தாள். அவளுக்குள் ஏதோ ஒன்று விளங்கியது. பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்கும் அம்மாவைப்போல் கவுண்டரில் முழங்கையை ஊன்றினாள்.

"203 எப்படிங்க?"

"அந்தக் கட்டிலுக்கு ஒரு கால் கிடையாது. பழைய டெலிபோன் புத்தகம் நாலு அடுக்கியிருக்கு. நானே என் கையால வச்சேன். புரண்டு படுக்காம இருந்தா ஒண்ணும் ஆகாது."

தொப்பி போட்ட ஒருவர் எழுந்து நின்றார். தான் 203-இல்தான் இருப்பதாகவும், நேற்று புரண்டதாகவும் சொன்னார்.

"207?" என்றாள் அத்தை.

207-இன் ஜன்னல் திறந்தால் மூடாது, 208-இன் ஜன்னல் மூடினால் திறக்காது. 209-இல் கடல் தெரிவது சுவரில் மாட்டிய படத்தில். மாமா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அவர் மனதில் வஞ்சம் ஒரு துளி இல்லை. தான் பழுது பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவைதானே, நிர்வாகத்துக்கு நினைவூட்டினால் நல்லதுதானே என்ற எண்ணம் மட்டும்தான். சோபாவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கவுண்டரைச் சூழ்ந்து தங்கள் அறை எண்ணைச் சொல்லி விசாரிக்க ஆரம்பித்தார்கள். மாமா ஜாதகம் பார்ப்பவரைப்போல் எல்லோருக்கும் பொறுமையாகப் பலன் சொன்னார்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். மாமாவின் தோளில் கைபோட்டு, உள்ளே போய்ப் பேசலாம் என்றார். அத்தை நகரவில்லை.

"301 எப்படிங்க?" என்று கேட்டாள். முதலாளி எப்போதாவது வந்தால் தங்குவதற்கென்று பூட்டியே கிடக்கும் அறை அது.

மாமா யோசித்தார். மனசாட்சியோடு யோசித்தார்.

"அதுல ஒரு குறையும் இல்லை. முதலாளி ரூம் இல்லையா" என்றார்.

"அப்போ அதையே கொடுத்துடுங்க தம்பி" என்று அத்தை மேனேஜரிடம் கையை நீட்டினாள்.

மேனேஜர் சூழ்ந்திருந்தவர்களைப் பார்த்தார். இன்னும் பதினாறு அறைகளின் பலன் பாக்கி இருப்பது அவருக்கும் தெரியும். தன் சட்டைப்பையில் இருந்த அட்டையைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை 301-இல் அத்தை மறுபடியும் படுக்கையைக் கலைத்தாள். இந்த முறை மாமாவின் கண்ணாடி, செருப்பு, சாவி அட்டை மூன்றும் அவள் கைப்பைக்குள் இருந்தன. தாழ்வாரத்தில் அவரை முன்னால் நடக்கவிட்டு, மந்தையை ஓட்டுகிறவள்போல் பின்னால் நடந்தாள். குளத்தங்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். மாமாவின் விரல்கள் மட்டும் சும்மா இல்லை, தன் வேட்டி நுனியை மடித்துக்கொண்டே இருந்தன.

திரும்பி வந்தபோது ரேடியோ மூன்றாம் மாடிக்கும் ஏறி வந்து படுக்கை விரித்துவிட்டுப் போயிருந்தார். ஷீட் ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. நடுவில் ஒரு மடிப்பு மலைத்தொடர்போல் ஓடியது. அத்தை கதவருகிலேயே நின்று அதைப் பார்த்தாள். கிட்டே போகவில்லை, தொடவில்லை. அவள் கண்ணைத் துடைத்ததை மாமா சொன்னார், அத்தை சொல்லவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

மாமா அந்த மலைத்தொடரைப் பார்த்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா போட்டிருக்கான்" என்றார். அறைகளைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அதுதான்.

சிறந்த ஊழியருக்கான பரிசு அடுத்த வருடத்திலிருந்து சுவர்க்கடிகாரமாக மாறியது.

ஹோட்டலில் தங்கப் போகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். படுக்கை விரிக்கிறவர் யாராவது தெரிந்தால், அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அறை எண்களை மட்டும் சொல்ல வேண்டாம். மாமா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.