கிணற்றடிக் கதைக்குச் சாட்சி

எழுபதுகளின் நடுவில் டண்டினோங்கில் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அதற்கு முன்பு கப்பலில், கப்பலை விட்டபின் சிட்னியில் ஒரு ஹோட்டல் சமையலறையில். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. நோபல் பார்க்கில் வாடகை அறையில் இருந்து ஒரு கதை எழுதினேன். ஊர்க் கிணற்றில் அள்ளக்கூடாத சாதியில் பிறந்த ஒருவன், யாராவது வந்து ஊற்றட்டும் என்று குடத்தோடு காத்து நிற்கிறான். அவ்வளவுதான் கதை.

தேசிய இலக்கிய அமைப்பு குடியேறிகளின் மொழிகளையெல்லாம் ஆங்கிலத்தோடு சேர்த்து ஒரே புத்தகமாகப் போடுகிறது என்று கூட வேலை செய்த கிரேக்கன் சொன்னான். நானும் அனுப்பினேன். அந்தந்த மொழி தெரிந்த ஒருவர் தேறும் என்று சொல்லவேண்டும் என்பது அவர்கள் விதி. தமிழுக்கு அகப்பட்டவர் மல்கிரேவில் இருந்த ஒரு டொக்டர். அவரும் யாழ்ப்பாணம். அவர் வேண்டாம் என்றால் புத்தகத்தில் தமிழே இராது.

ஒரு சனிக்கிழமை அமைப்பின் வெள்ளைக்காரப் பெண் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். கதையை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். ஆனால் முதலில் கேட்டது வேறு.

"தம்பி, ஊரிலை எந்தப் பக்கம்?"

எங்கள் ஆட்கள் இதைக் கேட்பது இடம் அறிய அல்ல. சொன்னேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கதையில் வரும் என் ஊர் அவருடைய ஊரும்தான்.

குசினியில் கோப்பைகள் உரசும் சத்தம் கேட்டது. ஊரில் எனக்குத் தேங்காய்ச் சிரட்டையில்தான் தேநீர். குசினி வாசலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் மனைவி கொண்டுவந்த மூன்று கோப்பைகளும் ஒரே மாதிரி. வெள்ளைக்காரி இருந்ததாலா என்று இன்றும் தெரியாது.

"எழுத்து பறவாயில்லை. ஊரின்ரை பேரை நீர் எடுத்துவிடும். இந்த வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"பேரை எடுத்தா கிணத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது, டொக்டர்?"

அவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, அங்கே அப்படி எதுவும் நடந்ததில்லை, எல்லாம் இவனுடைய கற்பனை என்று ஆங்கிலத்தில் சொன்னார். கெடுக்கத்தான் சொன்னார். அவளோ, கற்பனை எழுத்தைத்தானே தேடுகிறோம் என்று சந்தோஷமாகக் குறித்துக்கொண்டாள்.

பேசாமல் இருந்தால் அச்சில் வந்துவிடும். என்னால் இருக்க முடியவில்லை. குடத்தோடு நின்றவன் நான்தான் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவள் பென்சில் நின்றது. உண்மையா என்று டொக்டரைக் கேட்டாள். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். குசினி வாசலில் நின்ற மனைவி குரலை உயர்த்தாமல் தமிழில் சொன்னார்:

"கிணத்தடியிலை உங்கடை அம்மா இவருக்கு ஊத்திறதை நானும் பாத்தனான். ஓம் எண்டு சொல்லுங்கோவன்."

யாரும் அதை மொழிபெயர்க்கவில்லை. டொக்டர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, தமிழ் நன்றாயிருக்கிறது, போடுங்கள், என் பெயரை மட்டும் போடவேண்டாம் என்றார்.

புத்தகம் வந்தது. ஊர்ப் பெயர் இரண்டு மொழியிலும் இருந்தது. பின்பக்கத்தில் மற்ற எல்லா மொழிக்கும் ஆலோசகர் பெயர் உண்டு. தமிழுக்கு நேரே வெறுமை.