மின்விசிறி தள்ளும் பதவி

இன்று மலேசியாவின் ரந்தாவ் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் செயற்குழுக் கூட்டம். ஸ்விட்சைப் போட்டால் மின்விசிறி முனகியதே தவிர சுற்றவில்லை.

தலைவர் ஒட்டடைக் குச்சியால் ஒரு தள்ளு தள்ளினார். வேகமாகவே சுற்றியது. ஆனாலும் எல்லாருக்கும் வியர்த்து ஊற்றியது.

"அண்ணே, தப்பான பக்கம் தள்ளிட்டீங்க, காத்து மேல போவுது" என்றேன். "மோட்டாரு கெளம்புறதுக்கு கெப்பாசிட்டர் வேணும். அது போயிட்டா, எந்தப் பக்கம் தள்ளுறோமோ அந்தப் பக்கந்தான் ஓடும். புதுசு மாத்திடலாம்ணே."

"அதான் ஓடுதே லா. அடுத்த கூட்டத்துல பேசுவோம்."

இதையேதான் போன கூட்டத்திலும் சொன்னார்.

கடைசியில் ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள். இனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னதாகவே வந்து, மின்விசிறியைச் சரியான பக்கம் தள்ளிவிடும் பொறுப்பு எனக்கு.

உங்கள் கோயில் கமிட்டியில் வாயைத் திறந்தவருக்கு என்ன பதவி கொடுத்தார்கள்?