பவளத்தின் மேல் விழுந்த கல்லுப்பு

தொட்டியில் உப்பைக் கொட்டியது நான்தான். என் மாமியார் அல்ல.

எழுதிவிட்டேன்! இத்தனை காலம் தொண்டையில் முள்ளாய்க் குத்திய ஒரே ஒரு வரி... எழுதிய பிறகும் குத்துகிறது. சரி, முழுவதையும் சொல்கிறேன், கேளுங்கள். கேட்டுவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

மாரண்டஹள்ளியில் எங்கள் வீடு. கணவர் குமரேசன் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. எங்களோடு இருப்பவர் கணவரின் அம்மா, எனக்கு அத்தை. பக்கத்தில் எங்கும் கடல் கிடையாது. ஆனாலும் எங்கள் கூடத்தில் கடல் இருக்கிறது! கண்ணாடித் தொட்டி, உப்பு நீர், நீல விளக்கு, ஒரு ஜோடி ஆரஞ்சு மீன்கள், நடுவில் ஒரு பவளம். பெங்களூர்க் கடையில் வாங்கியது, பண்ணையில் வளர்த்தது. கல் போன்ற கிளைகளின் நுனியில் பச்சை விரல்கள் கொத்துக் கொத்தாய் நீண்டு நீரில் ஆடும். பார்வைக்குச் செடி, ஆனால் அது ஒரு பிராணி. வாய் உண்டு, சாப்பிடும்.

போன கோடையில் பகல் முழுக்கக் கரண்ட் போனது. தொட்டி நீர் சூடேறிவிட்டது. பவளத்தின் விரல்கள் சுருங்கி உள்ளே போயின. சதை விலகி, வெள்ளை எலும்பு தெரிந்தது. என் கணவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மண்டியில் அத்தனை பேரை அதட்டும் மனிதர்... ஒரு விரல் உயரப் பிராணிக்காகக் கண் கலங்கினார்!

விளக்கைக் குறைத்தார். நீரோட்டம் குறைவாக இருக்கும் மூலைக்கு அதை மாற்றினார். எங்கள் போர் தண்ணீர் ஆகாது என்று, சுத்திகரித்த நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாய் மாற்றினார். ஆனால் ஊட்டியது யார் தெரியுமா? அத்தை! நீரைச் சுழற்றும் பம்பை நிறுத்திவிட்டு, நீளமான குழாயில் பொடி இறாலை உறிஞ்சி, ஒவ்வொரு வாயருகிலும் ஒரு சொட்டு விடுவார். அது மெல்ல விழுங்கும்வரை அசையாமல் நிற்பார்.

"சாப்புடு கண்ணு... யாரு உன்ன அவசரப்படுத்துறாங்க? மெதுவாவே சாப்புடு."

பவளம் தேறியது. சுருங்கிய விரல்கள் மறுபடி எட்டிப் பார்த்தன. அத்தையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பேறுகாலம் பார்த்து முடித்தவர் போல அவ்வளவு பெருமை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு சரசு வந்தாள். "அய்யோ, எவ்ளோ அழகா இருக்குதுங்கக்கா! நெசம்தானா இது?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். மறுநாளே பவளம் சுருங்கிவிட்டது.

திருஷ்டி... அந்தச் சொல் என் மனத்தில்தான் முதலில் முளைத்தது. யார் மனத்தில்? "அதெல்லாம் மூடநம்பிக்கைங்க அத்தை" என்று பலமுறை அத்தைக்குப் பாடம் நடத்திய இந்த ஆசிரியையின் மனத்தில்!

அத்தை துணி எடுக்கக் கொல்லைப்புறம் போயிருந்தார். ஒரு பிடி கல்லுப்பு, கொஞ்சம் கடுகு, காய்ந்த மிளகாய் எல்லாம் சேர்த்து உள்ளங்கையில் வைத்துத் தொட்டியைச் சுற்றினேன். அடுப்பில் போட்டுவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் திரும்பினால் சமையலறையில் அத்தையின் வளையல் சத்தம்! எப்போது வந்தார்? இந்தக் கோலத்தில் அவர் என்னைப் பார்ப்பதா? மானம் போகாதா? உப்பு நீர்தானே, உப்புதானே என்று தொட்டியின் மேல் கையை விரித்துவிட்டேன்.

மூடத்தனம்! கல்லுப்பு நேராகப் பவளத்தின் மேல் விழுந்தது. சதையில் ஒட்டிக்கொண்டு கரைந்தது. மாலைக்குள் பாதிக் கிளைகள் வெந்து, சளியாய் வழிந்தன. பார்க்க முடியவில்லை... என்னால் பார்க்கவே முடியவில்லை.

கணவர் வந்தார். வெள்ளை மணலில் கடுகைப் பார்த்தார். வடிகட்டிப் பஞ்சில் மிளகாயை எடுத்தார்.

"அம்மா! திருஷ்டி சுத்தி இதுலயா கொட்டுன?"

என்னைக் கேட்கவே இல்லை. என்மேல் சந்தேகமே வரவில்லை. நான் வாயைத் திறந்தேன், நிச்சயமாகத் திறந்தேன்! அத்தை என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: "நாந்தான்டா. தெரியாம பண்ணிட்டேன்."

என் வாய் மூடிக்கொண்டது.

"இனிமே தொட்டிகிட்ட வராதம்மா, சொல்லிட்டேன்!" என்று அத்தையின் கையிலிருந்து குழாயைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். "நீ பாத்துக்க. படிச்சவ, உனக்குப் புரியும்."

வாங்கிக்கொண்டேன். கூசாமல் வாங்கிக்கொண்டேன்!

வெந்த கிளைகளைக் கணவர் வெட்டி எறிந்தார். மிஞ்சியதை ஒரு கல்லில் ஒட்டிவைத்தார். ஊட்டுவது என் வேலை. எனக்கு என்ன தெரியும்? அத்தை கூடத்து வாசற்படியைத் தாண்டாமல் நின்று சொல்லிக்கொடுத்தார். "பம்ப நிறுத்துனியா? வாய்மேல ஊத்தாத, ஓரமா வுடு. மீனு வந்து புடுங்கும், கைய மறச்சுக்க." அவர் கண், என் கை. அப்படித்தான் அது பிழைத்தது. இன்று முன்பைவிட அடர்ந்து ஆடுகிறது.

ஒருநாள் அத்தையோடு உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கும்போது, தாங்க முடியாமல் அழுதுவிட்டேன். "அத்தை, அன்னைக்கு உப்பு..."

"தெரியாதா எனக்கு? சமையக்கட்டு கதவுகிட்டதான நின்னேன்." சிரித்தார். "ஊருக்கெல்லாம் பாடம் நடத்துற டீச்சரு, கடைசில நீயே சுத்திட்டியே! அதையும் பவளத்த வுட்டுத் தள்ளிக் கொட்டியிருக்கக்கூடாது?"

"அவர்கிட்ட நான் சொல்லிடறேங்க அத்தை."

"வேணாம், வுடு. பெத்தவ மேல கோவம் நாலு நாளுல போயிடும். உம்மேலன்னா உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்குவான் அவன். நீங்க நல்லா இருந்தாப் போதும் எனக்கு."

எவ்வளவு பெரிய மனசு! அந்தக் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆனால் உங்களிடம் மறைக்க மாட்டேன்... அந்த நேரத்தில் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. சொல்ல வேண்டாமாம்! அத்தை சொல்ல வேண்டாம் என்றது அன்பால். நான் சொல்லாமல் இருப்பது எதனால்? 'படிச்சவ' என்று கணவர் நீட்டிய அந்த மதிப்பு எனக்கு இனிக்கிறது. அதுதானே உண்மை?

போன வாரம் கணவரின் நண்பர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். அவர் வழக்கம்போலக் கதையை ஆரம்பித்தார். "எங்கம்மா இருக்காங்களே, கடலுக்கே திருஷ்டி சுத்தி உப்புப் போட்டவங்க!" எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கோபம் போய்விட்டதுதான், ஆனால் "வாம்மா, நீயே ஊட்டு" என்று அவர் இன்றுவரை கூப்பிடவில்லை. வாசற்படியில் நின்று அத்தையும் சிரித்தார். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரம்மா கைராசிதான் இத பொழைக்க வெச்சுது" என்றாள்.

நானும் சிரித்தேன்.

எல்லாரும் போன பிறகு, அதே இடத்தில் நின்றபடி அத்தை கேட்டார்: "கண்ணு சாப்புட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சுங்க அத்தை" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார். குழாய் என் கையில்தான் இருந்தது.