குளத்து வளைவில் ஒரு ஹாரன்

எங்கள் ஊருக்கு என்ன வரலாறு என்று யாராவது கேட்டால் கொஞ்சம் முழிப்போம். எந்த ராஜாவும் இங்கே வந்து இளைப்பாறவில்லை. இராஜாக்கமங்கலம் தாண்டி, கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு குளம், ஒரு ரேஷன் கடை, நினைத்தால் திறக்கும் நூலகம், கல்ஃப் காசில் ஒருவர் கட்டித்தந்த பஸ் ஸ்டாப். அந்த ஸ்டாப்புக்குக் காலையில் ஒரு பஸ். அது வந்த நாளில்தான் எங்கள் வரலாறே தொடங்குகிறது.

பஸ் குளத்து வளைவில் திரும்பும்போது டிரைவர் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தலை சீவவே தோன்றும். இன்னும் ஒருத்தி சேலை கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னால் போதும், பஸ் நிற்கும். நாகர்கோவில்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும், அவர்களுக்கு எந்த பஸ் நிற்கிறது?

நேரம் தப்புகிறது, ஆளும் ஏறுவதில்லை என்று பஸ்ஸை நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்தது. நாகர்கோவிலில் துணிக்கடை வேலை எனக்கு. பஸ் போனால் வேலையும் போச்சு. ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்றதும் வீடு வீடாக ஏறி இறங்கி, ஸ்டாப்பில் வந்து நில்லுங்கள் என்று கெஞ்சினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் நான் ஒருத்திதான் நின்றேன். பஸ் சத்தமே இல்லாமல் வந்து நின்றது. முன் ஸீட்டில் அதிகாரி இருக்கிற பயத்தில் டிரைவர் ஹாரனைத் தொடாமல் ஒழுங்கு மரியாதையாக வந்திருக்கிறார். ஹாரன் கேட்காமல் எங்கள் ஊரில் யார் வெளியே வருவார்கள்? சவத்தெழவு, அது எனக்கும் தோன்றாமல் போயிற்றே.

அதிகாரி என்னைப் பார்த்தார். இந்த ஒரு ஆளுக்காகவா பஸ் என்று கேட்டார். நான் மூடிக்கிடந்த கதவுகளைத் திரும்பிப் பார்த்தேன்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "சார், ஒருக்கா ஹாரன் அடிச்சுக்கிடட்டா?"

அடித்தார். வரிசையாகக் கதவுகள் திறந்தன. ஈரத்தலையோடு சிலர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிலர். எதிர்வீட்டு மதினி வாயில் ஹேர்பின்னைக் கடித்தபடி ஓடிவந்தாள். கடைசியாக ஒரு நிறைமாசக்காரி ஏறினாள். உட்கார இடமில்லை, அதிகாரிதான் எழுந்துகொடுத்தார்.

கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் பக்கம் குனிந்தார். "நாளைக்கும் அந்த வளைவுல ஹாரனை மறக்காம அடியும் ஓய்."

நாளைக்கும் என்றாரே, அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.